இடிந்த வீட்டின் வாசல்நிலை

மடத்துக்குளம் தாண்டி எங்களுக்கு ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அதில் ஒரு ஆலைக்கொட்டகை. கரும்பு ஆட்டி, பாகு காய்ச்சி, வெல்லம் பிடித்த இடம். அதை ஒட்டி மாடு கட்டின சாளை. இரண்டுக்கும் கூரை போய்ச் சுவர் மட்டும் நின்றுகொண்டிருந்தது. போன வருஷம் என் மகன் அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அப்பா, அந்தக் கொட்டாயச் சரி பண்ணீட்டா, நோம்பி நொடின்னா எல்லாரும் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாமுங்கப்பா."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது. அந்தக் கொட்டகையிலிருந்து தப்பித்துத் திருப்பூர் வந்தவன் நான். என் இடது முழங்கைக்குக் கீழே தோல் இன்னும் வழவழவென்றிருக்கும். கொப்பரையிலிருந்து தெறித்த பாகு பட்ட இடம். கொதிக்கிற தண்ணீர் பட்டால் உதறிவிடலாம். பாகு ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். கிராமத்துக் காற்று நல்ல காற்று என்று கம்பெனிக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். காற்று அங்கே அடிக்கும்தான். அது அடிக்கிற நேரமெல்லாம் நான் அடுப்பு வாயில் கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பூரில் பனியன் மடிக்கிற வேலை கிடைத்தபோது, நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்தாலும் நிழலில் நிற்கிறோமே என்று இருந்தது.

மகன் இப்போது வேலம்பாளையத்தில் கீழே மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்கிறான். மேலே வீடு. ஓவர்லாக் ஓடினால் மேலே டம்ளர் ஆடும். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதில் சத்தம் இல்லாமல் ஒரு இடம் வேண்டும். அதைத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னான். புதுச் சாமான் ஒன்றுகூட வாங்கக் கூடாதாம். எல்லாம் பழையதாக இருக்க வேண்டுமாம். போனில் யாரோ அப்படிக் கட்டினதைப் பார்த்திருக்கிறான்.

"அது யாருடா தேடறது?" என்று கேட்டேன்.

"நீங்க சும்மாத்தானுங்கப்பா இருக்கறீங்க."

சும்மா இருக்கிறவனுக்குத்தான் வேலை அதிகம். வேலம்பாளையத்தில் எங்கே கட்டடம் இடித்தாலும் போய் நிற்க ஆரம்பித்தேன். ஒரு பழைய பனியன் கம்பெனி நொடித்துப்போய் இடித்தார்கள். அதன் சீமை ஓட்டை மேலேயிருந்து ஒருவர் வீச, கீழே ஒருவர் பிடிக்க, உடையாமல் இறக்கிக் கொடுத்தார்கள். பீகார்க்காரப் பையன்கள். ஒருத்தன் என்னைப் பார்த்து, "பாபாஜி, கர் பனாயேகா?" என்றான். வீடு கட்டப் போகிறாயா என்று கேட்கிறான் என்று புரிந்தது. "ஆமா சாமி, இந்த வயசுல" என்றேன். அவனுக்கு என்ன புரிந்ததோ, தலையாட்டினான்.

மூடிப்போன சாயப்பட்டறை ஒன்றிலிருந்து கனமான இரும்புக் குழாய்கள் கிடைத்தன. அவற்றைத் தூணுக்கு வைத்துக்கொண்டோம். அறுத்தபோது ஒன்றிலிருந்து நீலத் தண்ணீர் ஒழுகியது. இன்னொன்றிலிருந்து மாதுளம்பூ நிறத்தில். அத்தனை வருஷம் உள்ளே கிடந்தும் நிறம் போகவில்லை. துணியில் போட்டால் இரண்டு துவைப்பில் போய்விடுகிற சாயம் என்று பேர் வாங்கின பட்டறை அது. கட்டிங் மேசை ஒன்றும் வந்தது. ஒரு ஆள் படுத்து இன்னொரு ஆளும் படுக்கிற நீளம். கத்தி கீறின கோடு அதன் மேலெல்லாம் இருக்கும். அதைப் பாதியாக அறுத்துக் கட்டிலாக்கினோம்.

தாழ்ப்பாள், கீல், கொக்கி போன்ற சின்னச் சாமானையெல்லாம் கட்டைப்பையில் போட்டு உடுமலை பஸ்ஸில் கொண்டுபோவேன். வாரா வாரம் என்னைப் பார்க்கிற கண்டக்டர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க பெரியவரே, திருப்பூரையே கழட்டிக் கொஞ்சங் கொஞ்சமாக் கடத்தறீங்களா?" என்றார்.

"மிச்சத்த உங்களுக்கு வெச்சிருக்கறனுங்க."

அங்கே போனால் வேலை இன்னும் கஷ்டம். கொட்டகைச் சுவரைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மறுநாள் சுவர் முழுக்க எறும்பு. எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கரிப்படலத்துக்குக் கீழே பழைய பாகு ஆவி படிந்து கிடந்திருக்கிறது. ஈரம் பட்டதும் இனிப்பு வெளியே வந்துவிட்டது. கொத்தனார் சுண்ணாம்பு பூசினால் அதன் மேலும் எறும்பு ஊர்ந்தது. கடைசியில் எறும்பு தின்று முடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம். தின்று முடித்துத்தான் போயிற்று.

கதவு விஷயம் அப்போதுதான் வந்தது.

என் மருமகள் தெற்கத்திப் பெண். கிறிஸ்தவர்கள். இங்கே டெய்லராக வந்தவள். மகன் அதே கம்பெனியில் செக்கிங் பார்த்தான். இரண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரிக்கு அந்தக் குறை போகவே இல்லை. மதத்தைப் பற்றி அவள் பேசமாட்டாள். சீர் வரவில்லை என்பதுதான் அவள் பேச்சு. பெண் பிறந்த வீட்டிலிருந்து தட்டு தூக்கி வருவதும், வாசலில் ஆரத்தி எடுத்து அதை மாமியார் கையால் வாங்குவதும் எங்கள் பக்கம் பெரிய காரியம். அது நடக்காததால் சம்பந்தியம்மா என்று ஒரு கல்யாணத்திலும் நிமிர்ந்து நிற்க முடியவில்லை என்பாள்.

மருமகளுக்கு அம்மா இல்லை. அப்பா மட்டும். ஊரில் நான்குவழிச் சாலை போட்டபோது அவருடைய வீடு போய்விட்டது. இடிக்கிறதுக்கு முன்னால் தலைவாசல் நிலையையும் கதவையும் பெயர்த்து, வாழைத்தார் லாரி மேல் ஏற்றித் திருப்பூருக்குக் கொண்டுவந்துவிட்டார். வேங்கை மரம். அவருடைய அப்பா செய்தது. நிலையின் மேல்கட்டையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. வேலம்பாளையத்தில் அவர் இருந்தது லைன் வீடு. ஒற்றை அறை. அந்த அறையில் பாதியை நிலையும் கதவும் அடைத்துக்கொண்டு நின்றன. அதன் மேல்தான் சட்டையைக் காயப் போடுவார். வீடு மாறும்போதெல்லாம் அதையும் தூக்கிக்கொண்டு போவார். வீட்டுக்காரர்கள், "வாடகை ஊட்டுக்குக் கதவு நாங்களே வெச்சிருக்கறமுங்க" என்று சிரிப்பார்களாம். கழிவுப் பஞ்சு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். அந்தத் தூசு நெஞ்சில் இறங்கிவிட்டது. கொஞ்சம் நடந்தாலே நின்று மூச்சு வாங்குவார்.

ஒரு நாள் டீ நேரத்தில் மிஷின்கள் நின்றிருந்தன. மருமகள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிருங்க."

"சொல்லு கண்ணு."

"எங்கப்பா கதவ அங்க தலைவாசலுக்கு வைக்கலாமா? பழசுதான தேடுதிய. அவியளுக்கு மூச்சு இப்பல்லாம் பாதிப் படியிலயே நின்னுருது. அந்த வாசல் வழியா அவிய ஒரு தடவ ஒரு வீட்டுக்குள்ள வரத நான் பாக்கணும் மாமா. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் எதுவும் கேட்டதில்லை. நான் அன்றைக்கே என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்குதுங்களா? இடிஞ்ச ஊட்டு நெலவக் கொண்டாந்து நம்மூட்டுக்கு முன்னால நிறுத்தறதுங்களா?"

வாசல்நிலையைத்தான் நாங்கள் நெலவு என்போம்.

"மேல இருக்கற ஓடு நொடிஞ்சு போன கம்பெனியுது. தூணு மூடிப்போன சாயப்பட்டறையுது. அதுக்கெல்லாம் நீ ஒண்ணுஞ் சொல்லுலியே?"

"ஓடு மழைக்குங்க. தூணு பாரத்துக்குங்க. நெலவு அப்படீங்களா? அதுல மகாலச்சுமி இருக்கறா. அந்த ஊட்டுல இருந்தவ ரோட்டுக்குப் போயிட்டா. காலிக் கட்டையத் தூக்கிட்டு வந்து வெக்கச் சொல்றீங்க."

மகனும் அவள் பக்கம்தான். அவன் ஏற்கெனவே காரைக்குடிப் பக்கத்துக் கடையிலிருந்து பூவேலை செய்த பெரிய நிலை ஒன்றை எடுத்து வந்து வைத்திருந்தான். கடைசியில், கிணற்றைப் பார்த்த பின்வாசலுக்கு வைக்கலாம் என்று வீட்டுக்காரி இறங்கி வந்தாள். அதுவே பெரிசு என்று நான் சம்பந்தி வீட்டுக்குப் போனேன்.

அவர் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மழை, பஸ், மகனுடைய ஆர்டர் என்று சுற்றிவிட்டு வந்து சொன்னேன்.

"பின்வாசல்னா என்ன சம்மந்தி? அதுவும் வாசல்தான. காத்து அங்கனதான் வரும்" என்றார். பிறகு, "உங்க வீட்டு அம்மைக்கு மனசுல ஏதும் சங்கடமோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லீங்க. ஏதோ சாங்கியமுங்க. பழைய ஆளு."

எங்கள் பக்கம் அப்படித்தான், எதையும் சாங்கியம், சம்பிரதாயம் என்று சொல்லி மூடிவிடுவோம். உங்கள் வீடு இடிந்த வீடு, அதனால் ஆகாது என்று ஒரு மனுஷன் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? அவர் தலையை ஆட்டிக்கொண்டே மேல்கட்டையைப் பார்த்தார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நிலை வைக்கிற நாள் குறித்தாயிற்று. கொட்டகைக்கு முன்பக்கம் சுவரே கிடையாது. வண்டி நுழைகிற அகலத்துக்குத் திறந்தே கிடக்கும். அங்கே கொத்தனார் இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பி, மகன் வாங்கின பெரிய நிலைக்கு அளவாக நடுவில் இடம் விட்டிருந்தார். என் வீட்டுக்காரி விடியும்போதே குளித்து, பழனி இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டு, நவதானியத்தை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள்.

வெயில் ஏறுகிற நேரம் ஒரு குட்டியானை வண்டி வரப்போரமாக வந்து நின்றது. பின்னால் சம்பந்தி, நிலையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. இறங்கினதும் மூச்சு வாங்க நின்றார். பிறகு வண்டியிலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டுகளை எடுத்தார். வாழைப்பழம், தேங்காய், பூ, சேலை, வேட்டி, ஒரு தட்டு நிறைய வெல்லம். குடோனில் யாரோ சீரைப் பற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"ஆலைக்கொட்டாய்க்கே வெல்லம் கொண்டாந்தவரு நீங்கதானுங்க" என்றார் கொத்தனார்.

"உங்க ஊரு வெல்லந்தாம்பா. ஊரச் சுத்திட்டு வந்திருக்கு."

எல்லோரும் சிரித்தோம். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேல்கட்டையில் சிலுவை இருந்த இடம் இழைத்து வழித்திருந்தது. மற்ற மரமெல்லாம் கறுத்து இருக்க, அந்த இடம் மட்டும் தோல் உரிந்தாற்போல் வெளுத்து இருந்தது. அதன் மேல் பித்தளை முலாம் பூசின லட்சுமித் தகடு ஒன்றை ஆணியடித்திருந்தார்கள்.

"எப்பா, என்ன செஞ்சு வச்சிருக்கிய?"

"ஒண்ணுமில்லட்டி. ஆசாரிகிட்டக் குடுத்து லேசா இழைச்சேன். அவங்க சாமி காரியத்துக்கு எடஞ்சலா இருக்கப்படாதுல்லா."

"யாரு உங்ககிட்ட எடஞ்சல்னு சொன்னா?"

"யாரும் சொல்லணுமாக்கும்? நாமளாத் தெரிஞ்சு நடக்கணும்."

"தாத்தா கையால செதுக்குனதுலா எப்பா."

"மரம் அப்படியேதானம்மா இருக்கு" என்றார். வெல்லத் தட்டை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் பிடித்தார்.

என் வீட்டுக்காரி கையில் நவதானிய முடிச்சோடு வந்தாள். பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருந்தது. நிலையின் பக்கத்தில் போய், தகட்டை விரலால் தொட்டு, அதன் ஓரத்தில் தெரிந்த வெளுப்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஏனுங்க சம்மந்தி, சிலுவை ஆகாதுன்னு நான் எப்பச் சொன்னனுங்க?"

"நீங்க சொல்லல தாயி. நானாத்தான்."

"நான் சொன்னது ஊடு இடிஞ்சு போச்சேன்னுங்க. அந்தக் கொறைய மனசுல வெச்சுத்தானுங்க சொன்னேன்." அப்புறம் என்னைப் பார்த்தாள். "நீங்க என்னத்தச் சொல்லீட்டு வந்தீங்க?"

"சாங்கியம்னு சொன்னேன்."

"வாயத் தெறந்து ஒரு வார்த்தை நேராச் சொல்றதில்ல. ஒரு மனுசன் அவங்கப்பன் செஞ்சத இழைச்சுப்போட்டு வந்து நிக்கறாரு."

அப்படியே உள்ளே போய்விட்டாள். மருமகள் வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்துகொண்டாள். சம்பந்தி நின்றுகொண்டே இருந்தார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று கொத்தனார் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

வீட்டுக்காரி திரும்பி வந்தபோது கையில் ஆரத்தித் தட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் அவசரத்தில் சரியாகக் கரையவில்லை. கட்டி கட்டியாகக் கிடந்தது. சம்பந்திக்குச் சுற்றினாள். தட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி வைத்தாள். பிறகு கொத்தனாரிடம் சொன்னாள்.

"இந்த நெலவ முன்னால வெய்யுங்க."

"அம்மா, அளவு பெருசுக்குங்க. இது ரெண்டு பக்கமும் தொளதொளன்னு நிக்கும்."

"அடைச்சுக் கட்டுங்க."

"செங்கல் பத்தாதுங்க."

"அடுப்பப் பேத்தாச் செங்கல் வருமுங்க."

மகன் வாயைத் திறந்தான். "அம்மா, அந்த நெலவுக்கு எவ்வளவு அலைஞ்சேன்னு தெரியுமுங்களா?"

"அதக் கெணத்துப் பக்கம் வெச்சுக்க சாமி. பூவேலையக் கெணறு பாக்கட்டும்."

அப்படித்தான் ஆயிற்று. பாகு காய்ச்சின அடுப்பைக் கடப்பாரையால் பெயர்த்தோம். கரி ஏறின செங்கல். சம்பந்தியின் நிலை நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் அந்தக் கறுப்புச் செங்கலை வைத்து அடைத்தார் கொத்தனார். பார்க்க அழகாக இல்லை. தகட்டை மட்டும் வீட்டுக்காரி, நிலை வைக்க வந்திருந்த ஆசாரியிடம் சொல்லிக் கழற்ற வைத்தாள். "இது எனக்கு வந்த சீரு" என்று முந்தானையில் முடிந்துகொண்டாள். அது இப்போது அவளுடைய சாமி அலமாரியில் இருக்கிறது. வெளுத்த இடத்துக்கு வார்னிஷ் அடித்து மறைத்துவிடலாம் என்றார் ஆசாரி. மருமகள் வேண்டாம் என்றுவிட்டாள்.

வேலை முடிந்ததும் கொத்தனார் ஒன்று சொன்னார். கலவை இறுகி முட்டுக் கட்டை எடுக்கிற வரைக்கும் ஒருவரும் அந்தப் படியில் கால் வைக்கக் கூடாது. எல்லோரும் பக்கவாட்டுச் சாளை வழியாகத்தான் போய்வந்தோம். மருமகள் பரிமாறினாள். அப்பாவின் இலைக்கு எல்லாம் வைத்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போனாள். சாயங்காலம் மகனோடு வண்டியேறிவிட்டாள். அவர்களுக்கு ஷிப்மென்ட் இருந்தது. என் வீட்டுக்காரியும் போய்விட்டாள். கலவைக்குத் தண்ணீர் ஊற்ற நான் இருந்தேன். சம்பந்தியும் இருந்துகொள்கிறேன் என்றார். பெண் கொடுத்த வீட்டில் தங்குகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "இது இன்னும் வீடு ஆகலயே சம்மந்தி" என்றார்.

இரண்டு கிழவர்கள் மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டு, காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தோம். நான் குடத்தைத் தூக்கினால் முட்டி வலிக்கும். அவர் தூக்கினால் மூச்சு வாங்கும். பாதிக் குடமாகத் தூக்கினோம். ஒரு தடவை அவர், "அவ அம்மை செத்தப்பக்கூட எம்மேல இப்படிக் கோவப்படல" என்றார். நான் குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுப் பக்கம் போனேன். நான் பேசினால் என்ன ஆகிறது என்றுதான் பார்த்தாயிற்றே.

கொத்தனார் வந்து முட்டுக் கட்டையை எடுத்த காலையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் படியைத் தாண்டி உள்ளே போனார். தலையைக் குனிந்துகொண்டு போனார். அந்த நிலை அவ்வளவு தாழ்வு இல்லை. உள்ளே வெறும் தரை. ஓட்டுச் சந்தில் வந்த வெயில். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்து, பல் விளக்கப் போய்விட்டார்.

ஷிப்மென்ட் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். மருமகள் வண்டியை விட்டு இறங்கினதும் வாசலைப் பார்த்தாள். அப்பா உள்ளே சுவரோரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பா, உள்ள எப்ப வந்திய?"

"அன்னைக்கே வந்தாச்சும்மா."

"நான் பாக்கலியே."

"அதுக்கு என்ன செய்யச் சொல்லுத?"

"வெளிய போய்ட்டு வாங்க."

வெங்காயத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் எழுந்தார். எழுந்ததற்கே மூச்சு வாங்கியது. சாளை வழியாக வெளியே போய்ச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தார். மருமகள் உள்ளே நின்றாள். அவர் படிக்கு முன்னால் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு அடங்கட்டும் என்று நின்றார். யாரும் கை கொடுக்கப் போகவில்லை. பிறகு குனிந்து உள்ளே வந்தார்.

அவள் அவருடைய சட்டைத் தோளில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகை எடுத்துப் போட்டாள்.

"கை கழுவிட்டு வாங்க. சாப்பிடலாம்" என்றாள்.

அன்றைக்கு எனக்கு உடம்பு முழுக்க வலி. கட்டிங் மேசைக் கட்டிலில் போய்ச் சாய்ந்துவிட்டேன். அப்பாவும் மகளும் சாப்பிட்டபடி ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. தூங்கிவிட்டேன்.